தலை போன கவலையும் ஒரு தூக்குவாளியும்

என் வாழ்நாளில் நான் வாங்கிய முதல் பரிசு ஒன்றே ஒன்றுதான். அதையும் வாங்கிய அன்றைக்கே, வாங்கிய மேடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெருந்தன்மை என்று யாராவது நினைத்துவிடப் போகிறீர்கள். வைத்துக்கொள்ள முகம் இல்லை, அவ்வளவுதான்.

எழுபதுகளின் நடுப்பகுதி. தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் வந்திருந்த சமயம். நான் ஒரு கப்பல் ஏஜென்சியில் டாலி கிளார்க்காக இருந்தேன். டாலி கிளார்க் என்றால் பெரிய உத்தியோகம் என்று என் சித்தி சாத்தான்குளம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் வேலை இதுதான்: கப்பலிலிருந்து கிரேன் ஒவ்வொரு கட்டாக மூட்டைகளை இறக்கும், கீழே ஒரு அட்டையை வைத்துக்கொண்டு நான் கோடு போட வேண்டும். நாலு கோடு போட்டபின் ஐந்தாவதைக் குறுக்கே இழுக்க வேண்டும். சாயங்காலம் கோடுகளைக் கூட்டி, 'எண்ணிக்கை சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் அன்றைய ஞானம் முடிந்தது.

எனக்கு இந்த வேலையைக் காட்டிக் கொடுத்தவர் லூர்து அண்ணாச்சி. சங்கு குளிக்கப் போகும் குடும்பத்தில் பிறந்து, தண்ணீருக்குப் பயந்து கரையிலேயே உத்தியோகம் தேடிக்கொண்டவர். சேர்ந்த புதிதில் நான் ஒரு மூட்டையைத் தட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, இதுல கோதுமையா, உரமா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஏலே சாலமோனு," என்றார் அவர், "உள்ள என்ன இருக்குன்னு நமக்கு எதுக்குலே? அனுப்புனவன் கோதுமைங்கான், நாமளும் கோதுமைன்னு எழுதுவோம். மூட்டையைப் பிரிக்கது நம்ம சோலி இல்ல. எத்தனை மூட்டை? அதைச் சொல்லு."

இந்த உபதேசத்தை நான் வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். துறைமுகத்தில் அது எனக்குச் சம்பளம் வாங்கிக் கொடுத்தது. துறைமுகத்துக்கு வெளியே என்ன வாங்கிக் கொடுத்தது என்பதுதான் இந்தக் கதை.

அந்த வருஷம் சித்தி எனக்கு நாசரேத்தில் ஒரு பெண் பார்த்தாள். பெயர் எஸ்தர். தகப்பனார் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. அம்மா ஞானரத்தினம் டீச்சர், கணக்கு டீச்சர். நாசரேத்தில் பாதிப் பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள். மீதிப் பாதி அவரிடம் அடி வாங்கியவர்கள். (ரெண்டும் ஒரே ஆட்கள்தான்னு சித்தி சொன்னாள்.)

பெண் பார்க்கப் போன அன்று ஜெபம் முடிந்ததும் காப்பி கொடுத்துவிட்டு எஸ்தர் வந்து உட்கார்ந்தாள். சித்தி என் பெருமைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, "புதுத் துறைமுகமே இவன் கையெழுத்துலதான் ஓடுது" என்ற இடத்தில் எஸ்தர் தலையைக் குனிந்து சிரித்தாள். கேலிச் சிரிப்புதான். ஆனால் அதைப் பார்த்ததும் எனக்குக் கல்யாணம் என்று ஒன்று நடந்தால் இந்தப் பெண்ணோடுதான் என்று தோன்றிவிட்டது. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. இன்றைக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"வேலை சரி. மத்த நேரம் என்ன செய்வீய தம்பி?"

மற்ற நேரம் நான் தங்கியிருந்த லாட்ஜில் கேரம் போர்டு ஆடுவேன், இல்லாவிட்டால் தூங்குவேன். அதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தபோது, மேஜைமேல் மடித்து வைத்திருந்த ஒரு பத்திரிகை கண்ணில் பட்டது. கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டங்கள்.

"குறுக்கெழுத்து போடுவேன் டீச்சர்," என்றேன்.

அதுவரை குறுக்கெழுத்தோடு எனக்கு இருந்த உறவு, சலூனில் முறை வரும்வரை காத்திருக்கும்போது, முன்னால் யாரோ பாதி போட்டு வைத்திருப்பதில் மூக்குப்பொடி கறை எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான். ஆனால் டீச்சர் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்ததும், சின்ன வயதிலிருந்தே அதுதான் எனக்கு உயிர் என்று சேர்த்துக்கொண்டேன். எஸ்தர் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைக் கவலையோடு பார்த்தாள். அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

"நல்லது," என்று டீச்சர் அந்தப் பத்திரிகையை எடுத்து என் கையில் கொடுத்தார். "எங்க வாசகர் வட்டத்து இதழ். இந்த மாசம் துறைமுகத்த வச்சே ஒரு புதிர் வந்திருக்கு. உங்களுக்குத் தோதானதுதான். போட்டு அனுப்புங்க. மத்ததப் பிறகு பேசலாம்."

சைக்ளோஸ்டைல் செய்த இதழ். புதிரின் தலைப்பு 'துறைமுகத்தில் ஒரு நாள்'. கீழே, 'அமைத்தவர்: கலங்கரை'. இந்தக் கலங்கரை யார் என்பது நாசரேத்தில் பால்காரர் வரைக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. உங்களை அலைக்கழிக்க விரும்பவில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்: டீச்சர்தான்.

திங்கட்கிழமை மழை. மழை பெய்தால் மூட்டை இறக்க மாட்டார்கள். லூர்து அண்ணாச்சியும் நானும் கிடங்குக்குள் மூட்டைமேல் உட்கார்ந்து இதழைப் பிரித்தோம். முதல் குறிப்பே தலையைச் சுற்றியது.

'தலையும் வாலும் இழந்த அப்பம் கல்லுக்குள் புகுந்தால் கடலில் போகும் (4)'.

"கடல்ல போவுதுன்னா கப்பல்தாம்லே," என்றார் அண்ணாச்சி.

"அப்பம், கல்லுன்னு இருக்கே அண்ணாச்சி."

"அது சாக்குலே. கடைசில இருக்கதுதான் சரக்கு. க, ப், ப, ல். நாலு கட்டம், நாலு எழுத்து. கோடு போடு."

அவ்வளவுதான், எங்களுக்கு வழி பிடிபட்டுவிட்டது. ஒவ்வொரு குறிப்பிலும் கடைசி இரண்டு மூன்று வார்த்தைகளை மட்டும் படித்தோம். முன்னால் இருந்ததைக் கட்டிய கயிறு என்று விட்டுவிட்டோம். டாலி அட்டையின் பின்பக்கத்தில் துறைமுகத்தில் இருக்கிற, கடலில் கிடைக்கிற சாமான்களை எல்லாம் எழுத்து வாரியாகப் பட்டியல் போட்டோம். இரண்டெழுத்துக்கு வலை, தோணி. மூன்றெழுத்துக்கு உப்பு, சங்கு, முத்து, சிப்பி. மூன்று கட்டக் குறிப்புகளில் ஒன்றில் 'மூச்சடக்கினால் கிடைக்கும்' என்று இருந்தது. அண்ணாச்சி சங்கு என்று சாதித்தார், நான் முத்து என்றேன். குறுக்கே வந்த எழுத்து முத்துவுக்கு ஒத்து வந்தது. ஒத்து வராததை எல்லாம், கிடங்கில் மூட்டையை மாற்றி அடுக்குவதுபோல் ஒத்து வரும்வரை மாற்றி மாற்றி வைத்தோம். மழை விடுவதற்குள் கடைசிக் கட்டமும் நிறைந்தது.

அண்ணாச்சி ஒருமுறை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார். "எண்ணிக்கை சரி," என்றார். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து லாட்ஜுக்கு ஒரு போஸ்ட் கார்டு வந்தது. வந்த விடைகளில் முழுவதும் சரியாக இருந்தது என்னுடையது ஒன்றுதானாம். நாசரேத்துப் பண்டிதர்கள் எல்லோரும் ஏதாவது ஓரிடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை மாலை வாசகர் வட்ட ஆண்டுவிழாவில் முதல் பரிசு. 'தாங்கள் மேடையில் சில வார்த்தைகள் பேசவும் வேண்டும்' என்று செயலாளர் எழுதியிருந்தார். சித்தியிடமிருந்தும் ஆள் வந்தது. டீச்சர் ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறாராம், 'இத்தனை வருஷத்துல இப்படி ஒரு பையன நான் பாத்ததில்ல' என்றாராம், விழா முடிந்ததும் வீட்டுக்குக் கூட்டிப்போய் நாள் குறிக்கலாம் என்றாராம்.

நான் வெள்ளை பேன்ட்டைச் சலவைக்குப் போட்டேன். 'சில வார்த்தைகள்' என்றால் நன்றி சொல்வது என்று நினைத்து, நன்றியை மூன்று விதமாக எழுதி மனப்பாடம் செய்தேன்.

பள்ளிக்கூட ஹால் நிறைந்திருந்தது. முன்வரிசையில் டீச்சர், மடியில் கைப்பை. மூன்றாம் வரிசையில் எஸ்தர். நீலப் புடவை. மேடையில் ஒரு மேஜை, மேஜைமேல் பரிசு: ஒரு எவர்சில்வர் தூக்குவாளி. 'முதல் பரிசு – சாலமோன்' என்று புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். அதன் பக்கத்தில் ஒரு கரும்பலகை. கரும்பலகை எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

செயலாளர் தூக்குவாளியை என் கையில் கொடுத்தார், கைதட்டினார்கள். பிறகு அவர் சொன்னார்: "இந்தப் புதிரைப் போட முடியாமல் நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். ஆகவே தம்பி சாலமோன் அவர்கள் ஒவ்வொரு குறிப்பாக எடுத்து, எப்படி அந்த விடை வந்தது என்று சூட்சுமத்தை நமக்கு விளக்குவார்." சொல்லிவிட்டு என் மறு கையில் சாக்பீஸைக் கொடுத்தார்.

மூன்று விதமான நன்றியும் ஒரே நேரத்தில் மறந்துபோனது.

ஆனால் கர்த்தர் உடனே என்னைக் கைவிடவில்லை, இரண்டு நிமிஷம் கழித்துத்தான் கைவிட்டார். சுலபமானது என்று செயலாளர் முதலில் எடுத்து வாசித்த குறிப்பு: 'படுப்பதும் நிற்பதும் சேர்ந்தால் காற்றுக்குக் காத்திருக்கும் (5)'. விடை பாய்மரம். படுப்பது பாய், நிற்பது மரம். அது எனக்கே புரிந்தது. பலகையில் பாய் என்று எழுதி, ஒரு கூட்டல் குறி போட்டு, மரம் என்று எழுதினேன். நல்ல கைதட்டல். டீச்சர் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். எஸ்தர் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அடுத்தது அப்பமும் கல்லும்.

சரியான விளக்கத்தை இப்போது நான் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்பம் என்பதில் தலை அ, வால் ம். இரண்டும் போனால் மிச்சம் ப், ப. அதைக் கல் என்ற சொல்லுக்குள் நுழைத்தால் க-ப்-ப-ல், கப்பல். அப்பத்தை நசுக்கிக் கல்லுக்குள் திணித்து ஒரு கப்பலையே மிதக்க விட்டிருக்கிறார் மனுஷி. அன்றைக்கு நான் சொன்ன விளக்கம் வேறு.

"அப்பம் செய்ய மாவு வேணும்," என்றேன். "மாவுக்குக் கோதுமை வேணும். கோதுமை எதில் வருகிறது? கப்பலில். எங்கள் துறைமுகத்திலேயே வந்து இறங்குகிறது."

"அப்பம் பச்சரிசில லா சுடுவாங்க," என்று பின்னாலிருந்து ஒரு பெண் குரல்.

"கல்லு?" என்றார் செயலாளர்.

"கோதுமையில் கல் கிடக்கும்," என்றேன். "பொறுக்க வேண்டும்."

ஹால் சிரித்தது. எனக்கு அந்த வயதில் ஒரு வியாதி இருந்தது: யாராவது சிரித்தால், என் சாமர்த்தியத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அடுத்ததற்குப் போனேன்.

'தோளில் பாதி, ஆணியில் பாதி. இரண்டும் சேர்ந்தால் மிதக்கும் (2)'. விடை தோணி. (தோள் ரெண்டெழுத்து, பாதி தோ. ஆணி ரெண்டெழுத்து, பாதி ணி. இதைவிடச் சுலபமாக ஒரு மனுஷனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது.) நான் சொன்னேன்: "தோணி கட்ட ஆணி வேண்டும். ஆணிப் பெட்டி கனமானது. அதனால் ஒரு ஆள் பாதித் தூரம் தோளில் தூக்குவான், மற்றவன் மீதிப் பாதி." இந்த முறை சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார்.

அதற்கடுத்ததை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சூடாகிறது. 'உறவில் முதலும் சிரிப்பில் பாதியும். இல்லாவிட்டால் சோறு இறங்காது (3)'. விடை உப்பு. உறவின் முதல் எழுத்து உ. சிரிப்பு என்ற நாலெழுத்தில் பின்பாதி ப்பு. அவ்வளவு சின்ன விஷயம். நானோ இதில் ஒரு வாழ்க்கைத் தத்துவம் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டேன். எஸ்தர் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, "உறவு என்றால் முதலில் அதில் உப்பு இருக்க வேண்டும்," என்று ஆரம்பித்தேன். "கல்யாண வாழ்க்கையில் சிரிப்பு ஒரு பாதி, உப்பு ஒரு பாதி. இரண்டும் இருந்தால்தான் சோறு இறங்கும். வேதமும் நம்மைப் பூமிக்கு உப்பு என்றுதானே சொல்லுகிறது."

யாரோ ஒரு பெரியவர் பழக்கதோஷத்தில் "ஆமென்" என்றார். எஸ்தர் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டாள். வெட்கம் என்று நினைத்தேன்.

ஐந்தாவது குறிப்பைச் செயலாளர் கொஞ்சம் பயத்தோடுதான் வாசித்தார். 'கவலைக்குத் தலை போனால் மீனுக்குக் கவலை (2)'. விடை வலை.

இதற்கு எனக்கு ஒன்றுமே வரவில்லை. மீனுக்கு வலையால் கவலை, சரி. தலை எங்கே போயிற்று? பலகையைப் பார்த்தேன், கூரையைப் பார்த்தேன், கடைசியில் எஸ்தரைப் பார்த்தேன். அவள் யாரும் பார்க்காத மாதிரி ஆள்காட்டி விரலால் தன் கழுத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்துக் காட்டினாள்.

சட்டைக் காலர் திறந்திருக்கிறது என்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக் காலர் பொத்தானைப் போட்டுக்கொண்டேன். அவள் தலையைப் பலமாக ஆட்டி, மறுபடியும் கழுத்தின் குறுக்கே கோடு இழுத்தாள். இப்போது புரிந்தது. அம்மா உன் கழுத்தை அறுக்கப் போகிறாள் என்று சொல்கிறாள். முன்வரிசையைப் பார்த்தேன். அதற்குத் தோதான முகத்தோடுதான் டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் பாவம், 'தலையை வெட்டு, முதல் எழுத்தை வெட்டு' என்று எனக்கு விடையைக் கையில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் அதை மரண தண்டனையாக வாங்கிக்கொண்டேன். பயத்தில் வாய் தன்பாட்டுக்குப் பேச ஆரம்பித்தது.

"இந்தக் குறிப்பு மட்டும்," என்றேன், "கொஞ்சம் தப்பாகப் போய்விட்டது. கவலைக்கும் வலைக்கும் சம்பந்தம் இல்லை. குறிப்பு போட்டவர் அவசரத்தில் இருந்திருப்பார். நாம் பெரிதுபடுத்த வேண்டாம். விடையை நான் சமாளித்துப் போட்டுவிட்டேன்."

இப்போது ஹாலில் ஒருவரும் சிரிக்கவில்லை. செயலாளர் என் கையைப் பிடித்து இழுத்துக் காதில், "தம்பி, கலங்கரை டீச்சர்தான்," என்றார்.

முன்வரிசையில் எழுந்து நின்ற டீச்சரைப் பார்த்தேன். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு அவர் மேடைப்படி ஏறி வந்தார். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். பலகையில் 'கவலை' என்று பெரிதாக எழுதினார். பிறகு புடவைத் தலைப்பால் 'க'வை மட்டும் துடைத்தார்.

'வலை' நின்றது.

ஹால் முழுக்க "ஆ..." என்று ஒரு சத்தம் எழுந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சில பேர் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுகளுக்குக்கூடப் புரிந்துவிட்டது.

"தம்பி," என்றார் டீச்சர் மெதுவாக, "சொல்லுங்க. எப்படிப் போட்டிய?"

அந்த நிமிஷத்தில் இன்னொரு பொய் தயாராக வாய்வரை வந்தது. லாட்ஜில் கேரம் ஆடும் நண்பன் போட்டுக் கொடுத்தான் என்று. ஆனால் மூன்றாம் வரிசையில் எஸ்தர் கைக்குட்டையை எடுத்துவிட்டு நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் முன்னால் இனி ஒரு கட்டுக்கதை சொல்ல முடியாது என்று ஆகிவிட்டது.

"எண்ணிப் போட்டேன் டீச்சர்."

"எண்ணின்னா?"

"கட்டத்த எண்ணுனேன். எழுத்த எண்ணுனேன். சரியா இருந்துது."

"உள்ள என்ன இருக்குன்னு பாக்கலையா?"

"அது எங்க வேலை இல்ல டீச்சர்," என்றேன். சத்தியமாக அதை நான் பதிலாகத்தான் சொன்னேன். "நாங்க மூட்டையைப் பிரிக்க மாட்டோம்."

அதற்கு எழுந்த சிரிப்பு நான் தூக்குவாளியை மேஜைமேல் வைத்து, படி இறங்கி, ஹாலைத் தாண்டி, பஸ் நிறுத்தம் போகும்வரை பின்னாலேயே வந்தது. நாள் குறிக்கும் பேச்சுக்கு நான் நிற்கவில்லை. தூத்துக்குடி பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து அழுதேன். இதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா. பரிசு போனதற்காக இல்லை. நீலப் புடவைக்காக.

திங்கட்கிழமை லூர்து அண்ணாச்சி கதையைக் கேட்டுவிட்டுக் கொதித்துப் போனார். "எண்ணிக்கை சரியா இருந்துச்சுல்லா? பிறகு நம்மள ஏன்லே பிரிக்கச் சொல்லுதாவ? அது கஸ்டம்ஸ்காரன் சோலி." அவருக்குக் கடைசிவரை இதில் என்ன தப்பு என்று விளங்கவில்லை.

பத்து நாள் கழித்துச் சித்தி லாட்ஜுக்கே வந்தாள். திட்டத்தான் வருகிறாள் என்று நான் மொட்டைமாடிக்கு ஓடப் பார்த்தேன்.

"நில்லுலே," என்றாள். "டீச்சர் சம்மதம் சொல்லியாச்சு."

"என்னது?"

"'பையன் மூளைய வச்சு ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா அத்தனை பேர் முன்னால கேட்டதுக்குக் கடைசில உண்மையச் சொல்லுதான். அது போதும்'னு சொல்லிட்டா."

"எஸ்தர் என்ன சொன்னா?"

"அவ இன்னும் சிரிச்சு முடிக்கல. முடிச்ச பிறகு கேக்கணும்."

ஆகஸ்ட் மாதம் கல்யாணம் நடந்தது. சீர்ப் பாத்திரங்களில் ஒன்றாக அந்தத் தூக்குவாளி திரும்பி வந்தது. 'முதல் பரிசு – சாலமோன்' என்பதற்குக் கீழே புதிதாக இன்னொரு வரி வெட்டியிருந்தார்கள்: 'திறந்து பார்க்கவும்'.

பந்தலில் அதைப் படித்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர், இப்போது என் அத்தை, என்னைப் பழிவாங்கிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். தூத்துக்குடி வாடகை வீட்டுக்கு வந்து சேர்ந்ததும், எஸ்தர் சாமான்களைப் பிரிப்பதற்கு முன்பே, தூக்குவாளியை எடுத்து, எழுத்து சுவர்ப் பக்கம் இருக்கும்படி பரணில் வைத்துவிட்டேன். வைக்கும்போது உள்ளே ஏதோ உருண்டது. மூடி தளர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

அதன்பிறகு அத்தை என்னோடு சரியாகப் பேசவில்லை. வந்தால் "வாங்க", போனால் "போய்ட்டு வாங்க". ஒரு தடவைகூட 'மாப்பிள்ளை' என்று கூப்பிடவில்லை. தம்பி என்பதும் போய்விட்டது. என் தட்டில் குழம்பு ஊற்றும்போதுகூட, "ஏளா எஸ்தர், அவங்களுக்கு வேணுமான்னு கேளு," என்பார். கரும்பலகை அவர் மனதிலிருந்து அழியவில்லை என்று நினைத்து, நானும் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். நாலு மாதம் இப்படியே போனது. ஒரே பெண்ணைக் கொடுத்த வீட்டில் வேற்று ஆளாக உட்கார்ந்திருப்பது என்னை உள்ளுக்குள் தின்றது.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அத்தை தூத்துக்குடி வந்தார். கொண்டுவந்த பலகாரத்தைப் போட்டு வைக்கப் பாத்திரம் கேட்டவர், "அந்தத் தூக்குவாளி எங்க?" என்றார். நான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தேன். உள்ளே கடகடவென்றது. அத்தை காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

"இது என்ன சத்தம்?"

"மூடி தளர்ந்திருக்கு அத்தை."

அவர் என்னையே பார்த்தார். "நீங்க இதைத் திறக்கவே இல்லையா?"

நான் அந்த நிமிஷம்தான் திறந்தேன். உள்ளே பாசிப்பயறும் கருப்பட்டியும் உருட்டிச் சுட்ட நாலு முந்திரிக்கொத்து, நாலு மாத வயது, கூழாங்கல் போல. அதன் அடியில் எண்ணெய்க் கறையோடு ஒரு அட்டை. டீச்சரின் குண்டுக் கையெழுத்து. ஐந்து கட்டம் வரைந்து, கீழே ஒரே ஒரு குறிப்பு:

'மருந்தில் பாதி. கர்த்தர் எனக்குத் தராத ஒன்று. இரண்டும் சேர்ந்தவர் இந்தத் தூக்குவாளியைத் திறப்பார் (5)'.

என் வாழ்நாளில் முதல்முறையாக ஒரு குறிப்பை முதல் வார்த்தையிலிருந்து படித்தேன்.

"மருந்து நாலு எழுத்து," என்றேன். "பாதின்னா, மரு. கர்த்தர் உங்களுக்குத் தராதது..." நிறுத்தினேன். ஒரே பெண்ணைப் பெற்றவர். "மகன். மரு, மகன். மருமகன், அத்தை."

எஸ்தர் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் அப்போது சிரிக்கவில்லை.

"நாலு மாசமா இதப் பத்தி ஒரு வார்த்த சொல்லலியே, நாம எழுதுனது பிடிக்கலியோன்னு நான் என்னவெல்லாம் நெனச்சேன்," என்றார் அத்தை. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். பிறகு அட்டையை என் கையிலிருந்து வாங்கி ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, என் மேடைக் குரலிலேயே சொன்னார்:

"'திறப்பார்'னு போட்டது மட்டும் கொஞ்சம் தப்பாப் போச்சு. குறிப்பு போட்டவங்க அவசரத்துல இருந்திருப்பாங்க. நாம பெருசுபடுத்த வேண்டாம்."

எஸ்தர் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என்ன செய்வதென்று தெரியாமல், ஏதாவது பரிகாரம் பண்ண வேண்டும் என்ற வேகத்தில், ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"மாப்ள, கடிக்காதீங்க," என்றார் அத்தை.

அவர் என்னை முதன்முதலாக மாப்பிள்ளை என்று கூப்பிட்டது அப்போதுதான். கூப்பிட்டு முடிப்பதற்குள் கடித்துவிட்டேன்.

வலது பக்கம் மேலே, கடைவாய்க்கு முந்தின பல். பாதி போய்விட்டது, பாதி இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாருக்கு எந்தப் பார்சல் வந்தாலும், பிள்ளைகள் அதை முதலில் என்னிடம் கொண்டுவந்து, "அப்பா, எண்ணிக்கை சரியா?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறந்து அந்தப் பல்லைக் காட்டும்வரை பிரிக்க மாட்டார்கள்.